நாலு விரல் கட்டை

தம்பி,

இன்று காலை உங்கள் காரின் பின்கதவைத் தூக்கி அரிசி மூட்டையை உள்ளே வைத்தேன். வைத்ததும் கார் பின்பக்கம் கொஞ்சம் குந்தியது. மழை பெய்து ஓய்ந்த நேரம். நனைந்த டயரின் மணமும் புதுச் சாக்கின் மணமும் சேர்ந்து வந்தன. என் கை தன்பாட்டில் பின்சக்கரத்துக்கு மேலே போய், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நாலு விரலைப் படுக்கையாக நுழைத்துப் பார்த்தது. கடை வாசலில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர், நான் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்து, "ஆல் ரைட், மேட்?" என்றார். ஓம் என்று தலையாட்டிவிட்டுக் கையை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விரல்கள் சும்மா இருக்கவில்லை. உங்களோடு கதைக்க வேண்டும் போலிருந்தது. எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மனைவி திரேசம்மா எழுதுகிறாள். "ஓடாதேங்கோ, நான் என்ன மிசினே?" என்று இடையில் ஏசுகிறாள். காரை இப்போது யார் ஓட்டுகிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியவை கிடக்கின்றன.

நாங்கள் முதலில் சந்தித்தது பழைய கார்களை வரிசையாகப் போட்டுவைத்திருக்கும் யார்டில். தேவையானதை நாங்களே கழற்றிக்கொண்டு போகலாம். மருமகனின் காருக்குப் பக்கக் கண்ணாடி தேடி அவனோடு வந்திருந்தேன். நீங்கள் ஒரு சின்னக் காரின் அடியில், சேற்றில் சாக்கு விரித்துப் படுத்திருந்தீர்கள். கால் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வாடா ராசா... வந்துருடா... உனக்குப் புண்ணியமாப் போகும்."

துருப்பிடித்த நட்டிடம் தமிழில் கெஞ்சுகிற மனிதரை ஆக்லாந்தில் நான் அதுவரை கண்டதில்லை. குனிந்து, "தம்பி, அது ஜப்பான் நட்டு. அதின்ர பாஷையில கேட்டாத்தான் வரும்" என்றேன்.

"அது எனக்கு வராதுங்ணா. நீங்க வேணாப் பேசிப் பாருங்க" என்றது காரின் அடி.

நானும் படுத்தேன். நீங்கள் ஸ்பேனரைப் பிடிக்க, நான் அதன் நுனியில் காலால் உதைத்தேன். நட்டு வந்தது. வெளியே வந்து பார்த்தால், முகமெல்லாம் சேறு, மூக்குக்கண்ணாடியில் சேறு, நரைத்த மீசையிலும் சேறு. நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். எனக்கும் அதே கோலம்தான். மருமகன் தூரத்தில் நின்று, எங்களைத் தெரியாத ஆள் போல் வேறு பக்கம் பார்த்தான்.

அதிலிருந்து சனிக்கிழமைகள் உங்களுடையவையாகிவிட்டன. ரானுயியிலிருந்து ரயில் ஏறி கிளென் ஈடனில் இறங்கி நடந்து வருவேன். உங்கள் வீட்டுக் கார்போர்ட்டின் தகரத்தில் மழை விழும் சத்தம் முன்தெருவிலேயே கேட்கும். அதற்கு அடியில் நிற்கும், நீங்கள் 'தங்கம்' என்றும், உங்கள் மனைவி கோமதி 'தவளை' என்றும் கூப்பிட்ட அந்தக் கார். ஐந்து கதவுள்ள சின்னக் கார், கையால் கியர் போடுவது, ஜப்பானில் ஓடி முடித்துக் கப்பலில் வந்தது. சாவியைத் திருப்பினால் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லும். நீங்கள் ஒவ்வொரு தடவையும், "சரிங்கம்மா" என்பீர்கள்.

"என்ன சொல்லுறாள்?" என்று கேட்டேன் ஒருநாள்.

"யாருக்குத் தெரியும்? பதில் சொல்லாமப் போறது மரியாதையில்லைங்ணா."

அந்தக் காரில் நீங்கள் மாற்றாதது அந்தக் குரல் ஒன்றைத்தான். சைலன்சரை மாற்றினீர்கள். முன்விளக்கை மாற்றினீர்கள். சக்கரங்களை மாற்றினீர்கள். கியர்த் தண்டின் குமிழைக்கூட மாற்றி, இரண்டு வாரம் கழித்துப் பழையதையே திரும்பப் போட்டீர்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதருக்கு இது என்ன கிறுக்கு என்று நான் முதலில் நினைத்தேன். நீங்கள்தான் சொன்னீர்கள், கரூரில் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் இருந்தனவாம். கூரையும் இல்லாமல் கதவும் இல்லாமல் வெறும் எலும்பாக ஒரு வண்டி வந்து சேருமாம். ஓட்டி வந்தவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருப்பாராம். கொஞ்ச நாள் கழித்து அதே வண்டி பூவும் கோடும் வரைந்த பஸ்ஸாக வெளியே போகுமாம்.

"வந்த வண்டி வந்த மாதிரியே இருந்துட்டா, அப்புறம் நாம எதுக்குங்ணா?"

இதைச் சொல்லும்போது உங்கள் முகம் சின்னப் பிள்ளையின் முகமாகிவிடும். இன்னொன்றும் சொன்னீர்கள். அது ஒரு தடவைதான், அதுவும் காரின் அடியில் படுத்துக்கொண்டு. முகத்துக்கு முகம் சொல்ல வெட்கமாக இருந்திருக்கும்.

"நான் கட்டுன வண்டியில கோமதி உக்காந்து வரணும்ணா. பிஹா கடல் வரைக்கும். அவ்வளவுதான் எனக்கு."

அவ்வளவுதானே என்று நானும் நினைத்தேன்.

எங்கள் வேலை நடந்த விதத்தை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். நீங்கள் போனில் ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொல்வீர்கள். நான் கேட்டுக்கொள்வேன். ஒரு தடவை கேட்டால் எனக்குப் போதும். எழுதி வைக்க வழியில்லாதவன் தலையில்தானே வைக்க வேண்டும்? பிறகு நீங்கள் காரின் அடியில் போய், "அடுத்து என்னங்ணா?" என்பீர்கள். நான் சொல்வேன். "அண்ணா, நீங்கதான் புத்தகம். நான் வெறும் மூக்குக்கண்ணாடி" என்பீர்கள்.

கழற்றிய நட்டுகள் கலந்துவிடாமல் வைக்க நீங்கள் கண்டுபிடித்ததுதான் இட்லித் தட்டு. அடுக்கில் நாலு தட்டு, காரில் நாலு சக்கரம். மேல் தட்டு முன்பக்கம் இடது, அதற்குக் கீழே முன்பக்கம் வலது, இப்படி. கழற்றிய வரிசையில் ஒவ்வொரு குழியிலும் ஒன்று. பூட்டும்போது அதே வரிசையில் திரும்ப எடுத்தால் பிழை வர வழியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமதி தங்கச்சி மாவைக் கரைத்துவிட்டு, கார்போர்ட் வாசலில் வந்து நின்றது எனக்கு நல்ல ஞாபகம்.

"ஏனுங்க, என் இட்லித் தட்டு எங்கீங்க?"

"அது ஆபரேஷன்ல இருக்குது" என்றீர்கள் அடியிலிருந்து.

அவர் குனிந்து தட்டைப் பார்த்தார். ஒவ்வொரு குழியிலும் கிரீஸ் பூசிய ஒரு நட்டு, அழகாக உட்கார்ந்திருந்தது.

"நல்லா வெந்திருக்குதா பாருங்க" என்றார். "இனி இந்த வீட்டுல உங்க ரெண்டு பேருக்கும் இட்லி கெடையாது. தோசைதான்."

சொன்னபடியே அன்றைக்குத் தோசை வந்தது. கோபமும் தோசையும் ஒரே தட்டில் வரும் அவரிடம். 

காரின் உயரத்தைக் குறைக்கும் வேலையில்தான் நாங்கள் அந்தப் பிழையை விட்டோம். உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஸ்பிரிங்குகள் வாங்கியிருந்தீர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பினால் கார் ஏறும், இறங்கும். எவ்வளவு இறக்குவது என்று கேட்டேன். "முதல்ல நாலு விரல் வெச்சுப் பாக்கலாங்ணா" என்றீர்கள். டயரின் தலைக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. நீங்கள் இடப்பக்கம், நான் வலப்பக்கம். பூட்டினோம், இறக்கினோம், முன்னும் பின்னும் தள்ளி அசைத்தோம், விரலை வைத்துப் பார்த்தோம். "நாலு!" என்றீர்கள் நீங்கள். "நாலு!" என்றேன் நான். கைகுலுக்காத குறைதான்.

தெருவுக்கு எடுத்துப்போய்ப் பின்னால் நின்று பார்த்தால் கார் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்ட ஆள் மாதிரி.

தெரு சரிவு என்றீர்கள். காரைத் திருப்பி நிறுத்தினோம். சாய்வும் காரோடு திரும்பியது. டயரில் காற்றுக் குறைவு என்றேன் நான். பார்த்தால் எல்லாம் சரி. பிறகு ஸ்பிரிங் விற்றவனைச் சந்தேகித்தீர்கள். பெட்டியில் ஒன்றை மாற்றிப் போட்டு அனுப்பிவிட்டான் என்று அவனுக்குக் கடுமையாக ஒன்று எழுதப் போனையும் எடுத்துவிட்டீர்கள். அப்போதுதான் கோமதி தங்கச்சி காப்பி கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி வார்டில் வருடக்கணக்காக நர்ஸாக இருந்து, வருகிறவர் போகிறவர் கையைப் பார்த்தே கையுறை அளவு சொல்லிப் பழகிய கண் அவருக்கு.

"ரெண்டு பேரும் கையை நீட்டுங்க."

நீட்டினோம். என் கை மன்னார்க் கடலில் வலை இழுத்த கை. ஒவ்வொரு விரலும் ஒரு மரவள்ளிக் கிழங்கு. உங்கள் கை விசைப்பலகையில் தட்டின கை. முருங்கைக்காய். பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது உங்கள் நாலு விரல் என் மூன்று விரலுக்குத்தான் வந்தது.

காப்பியை வைத்துவிட்டு உள்ளே போனார். உள்ளே போய்ச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது வெளியே மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"கார் உங்கட. அப்ப விரலும் உங்கட விரல்தான் கணக்கு" என்றேன். வேலி அடித்ததில் மிஞ்சின பலகைத் துண்டு ஒன்று மூலையில் கிடந்தது. அதை எடுத்து உங்கள் கையை அதன்மேல் பதித்து வைக்கச் சொன்னேன். சுண்டுவிரலின் இந்தப் பக்கமும் சுட்டுவிரலின் அந்தப் பக்கமும் கத்தியால் கோடு கிழித்து, அறுத்து, உரசி எடுத்தேன். நடுவில் இரண்டு விரலுக்கு ஒரு கோடு. அதுதான் நாலு விரல் கட்டை. அதற்குப் பிறகு எந்தச் சக்கரத்தையும் யாருடைய விரலாலும் நாங்கள் அளக்கவில்லை.

நாலு விரல் உங்களுக்குப் போதவில்லை. கட்டையின் நடுக்கோட்டுக்கு, இரண்டு விரலுக்கு, இறக்கினீர்கள். அப்படி மாற்றிய காரைப் பரிசோதித்து, தெருவில் ஓடலாம் என்று தகடு அடிக்கும் பொறியாளர் வந்து, அடியில் தவழ்ந்து, குலுக்கி, நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். நீங்கள் அந்தச் சின்னத் தகட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தது ஒரு பிள்ளையின் பட்டத்தைப் பார்ப்பது போலிருந்தது.

கோமதி தங்கச்சியை ஏற்றும் முன் பரீட்சை வைக்க வேண்டும் என்றீர்கள். ஆள் ஏறினால் டயர் உரசுமா என்று பார்க்க இந்தியக் கடையில் அரிசி மூட்டைகள் வாங்கி வந்தோம். முன்சீட்டில் மூன்று மூட்டையை அடுக்கி, சீட் பெல்ட்டும் போட்டுவிட்டீர்கள். "இது கோமதி" என்றீர்கள். "சத்தமாச் சொல்லாதையுங்கோ" என்றேன். நான் பின்சீட்டில் ஏற, டிட்டிராங்கி மேடு வரை போய் வந்தோம். வளைவில் மேல் மூட்டை உங்கள் பக்கம் சாயும்போதெல்லாம், "மெதுவா, மெதுவா, அவளுக்குப் பிடிக்காது" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். ஓர் இடத்திலும் உரசவில்லை. நாங்கள் வெற்றி என்று திரும்பி வந்தோம்.

அடுத்த வாரம் கிளென்ஃபீல்டில் ஒரு கலியாணம். கோமதி தங்கச்சி மெரூன் பட்டுச் சேலையில் வந்து காரைப் பார்த்தார். "இதுலயா?" என்றார். "ஏறித்தான் பாரு" என்றீர்கள். ஏறுவதற்கு உட்கார வேண்டியிருந்தது, உட்காருவதற்குக் கீழே விழ வேண்டியிருந்தது. அவருடைய முழங்கால் வார்டில் நின்று நின்று தேய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்தார். நானும் திரேசம்மாவும் பின்சீட்டில். மடியில் ஒரு பெரிய பாத்திரம், கலியாண வீட்டுக்கு உங்கள் வீட்டுக் கேசரி.

மண்டப வாசலில் வேகத்தடை. அதில் காரின் வயிறு ஒரு நீளக் குரல் கொடுத்து உரசியது. வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவைத் திறந்தீர்கள். கோமதி தங்கச்சி ஒரு காலை வெளியே வைத்தார். அடுத்த கால் வரவில்லை. எழும்ப முடியவில்லை. கடைசியில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து, கிணற்றிலிருந்து தூக்குவது போல் தூக்கினார்கள். யாரோ போனில் படம் எடுத்தார்கள்.

திரும்பும்போது அவர் வேறு யாருடைய காரிலோ போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை நான் வந்தபோது கார்போர்ட்டுக்குத் தோசை வரவில்லை. அவர் கதவருகே நின்று என்னிடம்தான் சொன்னார், உங்களிடம் அல்ல.

"அண்ணே, உங்க தம்பிகிட்டச் சொல்லிருங்க. இனி இந்தத் தவளையில நான் ஏற மாட்டேன். செத்தாலும் ஏற மாட்டேன்."

அவர் உள்ளே போன பிறகு நீங்கள் கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அரிசி மூட்டைக்கு முழங்கால் இல்லீங்ணா" என்றீர்கள். "அதை யோசிக்கல பாருங்க நாம."

அதற்குப் பிறகு இரண்டு கோடை போனது. கார் இன்னும் அழகாகியது. நீங்களும் நானும் அதில் பிஹாவுக்குப் போனோம், முரிவாய்க்குப் போனோம், மழையில் போனோம், வெயிலில் போனோம். உங்கள் பக்கத்துச் சீட்டில் நான் உட்கார்ந்திருப்பது எனக்கே சில நேரம் கூச்சமாக இருக்கும். கறுப்பு மணலில் நின்று கடலைப் பார்க்கும்போது நீங்கள் அதிகம் கதைக்க மாட்டீர்கள். காரைத் திரும்பிப் பார்ப்பீர்கள். "நல்லா நிக்குது, இல்லீங்ணா?" என்பீர்கள். "ஓம் தம்பி, நல்லா நிக்குது" என்பேன். இரண்டு பேருக்கும் வேறொன்று மனதில் இருந்தது. ஒருநாள் நானே கேட்டேன், கொஞ்சம் ஏற்றினால் என்ன என்று. "ஏத்திட்டா அது வந்த மாதிரியே ஆயிருங்ணா" என்றீர்கள். நான் பிறகு கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை நீங்கள் சொல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வாசலில் காரை நிறுத்தினீர்கள், இறங்கவில்லை. நான் போய்ப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். எதற்கோ எஞ்சினை அணைத்து, சாவியை மறுபடியும் திருப்பினீர்கள். ஜப்பான் பெண் வழக்கம்போல் சொன்னாள். நீங்கள் பதில் சொல்லவில்லை. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

கணையத்தில் என்றீர்கள். டாக்டர் நல்லவர், சுற்றி வளைக்காமல் சொன்னார் என்றீர்கள். கோமதிக்கு ஸ்கேன் படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவளும் நர்ஸ்தானே என்றீர்கள். நான் என்ன சொன்னேன் என்பது மட்டும் எனக்கு ஞாபகமில்லை. என் வாழ்நாளில் நான் மறந்த சில சொற்களில் அவையும் சேர்த்தி. நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

"அண்ணா, ஏத்திரலாம்."

"எதை?"

"வண்டியை. நாலு விரலுக்கு. முடிஞ்சா அதுக்கும் மேல. கோமதி ஏறணும்."

எனக்குக் கோபம் வந்தது. நோயின் மேல் வந்த கோபத்தை வேறு எங்கே காட்ட? "உங்கட ஆசைக்குத்தானே தம்பி இறக்கினனீங்கள்? இவ்வளவு பாடுபட்டு, தகடும் அடிச்சு. இப்ப ஏன் எல்லாத்தையும் விடுறியள்?"

நீங்கள் சிரித்தீர்கள். "இறக்குனதும் என் ஆசைதான். ஏத்துறதும் என் ஆசைதான். ரெண்டும் வண்டி கட்டுறதுதானுங்ணா."

ஆஸ்பத்திரி, மருந்து என்று சில வாரம் போன பிறகு, ஒரு சனிக்கிழமை நீங்கள் கார்போர்ட்டில் பிளாஸ்டிக் கதிரையில் போர்வையோடு உட்கார்ந்திருந்தீர்கள். அடியில் போனது நான். இந்த முறை புத்தகமும் நான், கையும் நான். ஜாக்கைப் போட்டுத் தூக்கினேன், சக்கரத்தைக் கழற்றினேன், வளையத்தைத் திருப்பினேன். இட்லித் தட்டு உங்கள் மடியில் இருந்தது. ஒவ்வொரு நட்டாக நீட்டினேன். நீங்கள் வாங்கிக் குழியில் வைத்தீர்கள். அந்த வேலைக்கு உங்கள் கையில் பலம் இருந்தது. நாலு சக்கரமும் முடிந்து, இறக்கி, முன்னும் பின்னும் அசைத்தேன். எழும்பி வந்து பார்க்கிறேன் என்றீர்கள். தோளைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

குனிந்து உங்கள் நாலு விரலை நுழைத்தீர்கள். விரல் உள்ளே ஆடியது.

"கூட இருக்குதுங்ணா. அரை விரல் கூட ஏத்திட்டீங்க."

நான் கட்டையை எடுத்து வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மேலேயும் காற்றுப் போகவில்லை, கீழேயும் போகவில்லை. அடுத்த சக்கரத்திலும் அப்படித்தான். நீங்கள் கட்டையைப் பார்த்தீர்கள். பிறகு உங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். மோதிரம் கழற்றி வைத்த விரலில் அதன் தடம்கூட இல்லை.

"கட்டையை நம்புங்க" என்றீர்கள். "என் விரலை நம்பாதீங்க இனி."

திரேசம்மா இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிப் போனாள். குடித்துவிட்டுத்தான் தொடர்கிறோம்.

கோமதி தங்கச்சி வெளியே வந்தார். கை துடைத்துக்கொண்டே காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். செய்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குச் சொல்லவும் தேவையில்லை.

"இப்பத்தான் வண்டி மாதிரி இருக்குது" என்றார். "சாவி எங்கீங்க?"

உங்களுக்குக் கொடுத்த மருந்தோடு நீங்கள் ஓட்டக் கூடாது. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்கள் ஓட்டிப் போக வேண்டும் என்றல்லவா கட்டினீர்கள்? நடந்தது மறுபக்கம். நீங்கள் பக்கத்துச் சீட்டில், அரிசி மூட்டைகள் இருந்த இடத்தில், அதே பெல்ட்டுக்குள். அவர் ஓட்டும் இடத்தில், முழங்காலை மடக்காமல், நாற்காலியில் அமர்வது போல் அமர்ந்தார். சாவியைத் திருப்பினார். ஜப்பான் பெண் சொன்னாள்.

"சரிங்கம்மா" என்றீர்கள். நெடுநாளுக்குப் பிறகு.

கியர் வண்டி ஓட்டி அவருக்குப் பல வருடம். கார் ஒரு குதி குதித்து நின்றது.

"கிளட்ச், கிளட்ச்..." என்றீர்கள்.

"நோயாளி பேசக் கூடாது. வாயை மூடிட்டு வாங்க."

இரண்டாம் தடவை கார் நகர்ந்தது. வாசல் சரிவில் இறங்கும்போது நீங்கள் கையை வெளியே போட்டு, கதவின் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினீர்கள். உங்கள் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் தட்டுவது போல். போகலாம் என்று. நான் இட்லித் தட்டோடு கார்போர்ட்டில் நின்றேன். குனிந்து பார்த்தேன். குழிகள் எல்லாம் காலி. ஒரு நட்டும் மிஞ்சவில்லை.

நீங்கள் பிஹா வரை போனீர்கள் என்பதை அன்று மாலை காலடியில் ஒட்டியிருந்த கறுப்பு மணலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அங்கே என்ன கதைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் இதுவரை சொல்லவில்லை. அந்த ஒரு மாதத்தில் இன்னும் பல தடவை போனீர்கள். பிறகு போகவில்லை.

காரை விற்றுவிடலாம் என்று வெலிங்டனிலிருந்து வந்த உங்கள் மகன் சொன்னான். "மம், இட்ஸ் எ மேனுவல். உங்க முழங்காலுக்கு ஆட்டோமேட்டிக்தான் நல்லது." பிள்ளை சொன்னது பிழையில்லை. கோமதி தங்கச்சி அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "அது உங்கப்பா எனக்குக் கட்டுன வண்டிடா" என்றார். அவ்வளவோடு அந்தக் கதை முடிந்தது.

ஆக, தம்பி, உங்கள் காரை ஓட்டுவது அவர்தான். சனிக்கிழமை காலையில் ரானுயிக்கு வந்து ஹார்ன் அடிப்பார். திரேசம்மா முன்னால், நான் பின்னால். கடைக்குப் போவோம், அரிசி பருப்பு வாங்குவோம், சில நாள் மணலில் கொஞ்சம் நின்றுவிட்டு வருவோம். சாவி போட்டதும் அந்தப் பெண் சொல்வாள். கோமதி தங்கச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே, "சரிங்க, சரிங்க" என்பார், உங்கள் குரலில் இல்லை, அவருடைய குரலில், கொஞ்சம் சலிப்போடு.

இன்று கடை வாசலில் என் விரல் நாலும் தாராளமாக உள்ளே போனது. ஒரு காலம் உங்கள் நாலுக்கு என் மூன்றே போதும் என்றிருந்ததல்லவா? என் கிழங்குகளும் வற்றிவிட்டன. எனவே அதை நம்பவில்லை. கட்டையை எடுத்து வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும், அல்லது இது அரிசியின் பாரமாக இருக்க வேண்டும்.

"நாலு இருக்குதாண்ணே?" என்று ஓட்டும் சீட்டிலிருந்து தலையை நீட்டிக் கேட்டார்.

"ஒரு மயிரிழை குறையுது, தங்கச்சி. அடுத்த சனி கொஞ்சம் ஏத்திவிடுறன்."

"அப்ப தட்டை எடுத்து வெச்சுர்றேன்" என்றார்.

இட்லித் தட்டு இன்னும் உங்கள் கார்போர்ட்டில் ஓர் ஆணியில்தான் தொங்குகிறது. கட்டை என்னிடம் இருக்கிறது. சட்டைப் பையில், செபமாலைக்குப் பக்கத்தில். துவைக்கும்போது எடுக்க மறந்து இரண்டு முறை திரேசம்மாவிடம் ஏச்சு வாங்கிவிட்டேன். அதன் ஓரங்கள் கிரீஸால் கறுத்துவிட்டன. அளவு மட்டும் மாறவில்லை. நீங்கள் நன்றாக இருந்த காலத்து நாலு விரல், அப்படியே இருக்கிறது.